‘ஆனால்’ எங்கே போயிற்று?

வேலை நாளொன்றின் காலையில் கண்டி நீதவான் நீதிமன்றின் வாசலில் சற்று நேரம் நின்றவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதுமையாக இராது. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டை, பன்விலை, மடுல்கலை என்று மலைத்தோட்டங்களிலிருந்து இருள் பிரியுமுன்னே புறப்பட்ட பஸ்களில் வந்து இறங்கியவர்கள் அங்கே காத்து நிற்கிறார்கள். பெயர் கூப்பிடப்படுகிறது. உள்ளே போகிறார்கள். சில நிமிஷங்களில் வெளியே வருகிறார்கள். “என்ன ஆயிற்று?” என்று கேட்டால், “ஒத்துக்கிட்டேங்க, தண்டம் கட்டியாச்சு” என்று பதில் வருகிறது. “அப்படியானால் நீர் அதைச் செய்தீரா?” என்று இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “அது வேறங்க. இன்னும் எத்தன தவணைக்கு வந்துக்கிட்டிருக்கிறது?” என்பார்கள்.

இந்த விடையிலே ஒரு பேரம் அடங்கியிருக்கிறது. ஒரு தவணைக்கு வந்தால் ஒரு நாட் சம்பளம் போயிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் 2021இலேதான் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. இந்தச் சம்பளத்திலே பஸ் கூலியும் சட்டத்தரணிக்குரிய கட்டணமும் சேர்ந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால், ‘குற்றவாளி அல்ல’ என்ற மூன்றாவது தவணையிலேயே மனிதன் தோற்றுப்போகிறான். பிணை கிடையாமல் விளக்கமறியலில் இருப்பவன் நிலை இன்னும் மோசம். ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீடு; மறுத்தால் மீண்டும் பல்லேகலைச் சிறை. இந்த நிலையிலே வாயிலிருந்து வரும் சொல்லுக்குத்தான் சட்டம் ‘தன்னிச்சையான ஒப்புதல்’ என்று பெயர் சூட்டுகிறது. அந்தப் பெயரைச் சூட்டியதும் அவனுக்குப் பின்னால் மேன்முறையீட்டுக் கதவையும் சாத்திவிடுகிறது.

இந்தக் கதவைப் பற்றித்தான் இக்கட்டுரை.

எமது நாட்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமாகும். அது இயற்றப்பட்டபோது ‘பேரம்’ என்ற சொல் அதில் எங்குமே இடம்பெறவில்லை. ஆனால் பேரம் நடப்பதற்கான இடம் அதிலே தாராளமாக இருக்கிறது. அதன் 183ஆம் பிரிவு என்ன சொல்கிறது? எதிரி தன் குற்றத்தை நிபந்தனையின்றி ஒப்புக்கொள்வதாக அமையும் கூற்றொன்றைச் செய்தால், நீதவான் அதனை எதிரி பயன்படுத்திய சொற்களிலேயே, இயன்றளவு அப்படியே, பதிந்துகொண்டு குற்றத்தீர்ப்பளித்துத் தண்டனை விதிக்க வேண்டும் என்கிறது. தண்டனை விதிக்கப்படுமுன் நீதவானின் அனுமதியுடன் ஒப்புதலை மீளப் பெறலாம் என்றும் சொல்கிறது.

காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் பாருங்கள். ஒப்புதலும் தண்டனையும் ஒரே மூச்சில் நடந்தேறும் நீதிமன்றிலே, மீளப் பெறும் உரிமைக்கு உள்ள ஆயுள், நீதவான் பேனாவை எடுத்து எழுதி முடிக்கும் நேரந்தான். அதன்பின் உண்மையில் நான் அதைச் செய்யவில்லை என்று மேலே முறையிட வழியில்லை. சட்டப் பிழை இருந்தால் சொல்லலாம். அதுவும் 14 நாட்களுக்குள். சட்டப் பிழை எது, உண்மைப் பிழை எது என்று பிரித்தறியும் வேலையை, எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தவனிடம் விட்டிருக்கிறார்கள்!

‘மீளாய்வு’ என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள் சட்டம் படித்த நண்பர்கள். இருக்கிறது. மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அது மனுதாரரின் உரிமையன்று. நீதிமன்றின் விருப்புக்கு உட்பட்ட அதிகாரம். விசேட காரணம் காட்டவேண்டும். தாமதித்தால் தாமதத்துக்கு விளக்கம் சொல்லவேண்டும். உரிமைக்கும் தயவுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை, இரண்டுக்கும் கையேந்திப் பழகிய மலையகத்துக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

‘எதிரி பயன்படுத்திய சொற்களிலேயே’ என்ற அந்தத் தொடருக்குத் திரும்புவோம். எந்த மொழியின் சொற்கள்? கண்டியில் நீதிமன்ற மொழி சிங்களம். 1988ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் சிங்களமும் தமிழும் நாடு முழுவதிலும் நீதிமன்ற மொழிகள் என்று சொன்ன கையோடு, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பகுதிகளில் பதிவும் நடவடிக்கையும் சிங்களத்திலேயே நடைபெறும் என்றும் சொல்லிவிட்டது. அம்மொழி தெரியாதவருக்கு அரசு உரைபெயர்ப்பாளரைத் தரவேண்டும் என்பது அதே 24ஆம் உறுப்புரையில் உள்ள வாக்கு. அந்த உரைபெயர்ப்பாளர் ஒருவராகவும், காத்திருக்கும் வழக்குகள் பலவாகவும் இருக்கும் காலைப் பொழுதில் என்ன நடக்கும்?

ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வோம். நக்கிள்ஸ் மலைக்காட்டு ஓரத்துத் தோட்டமொன்றில் வசிப்பவர். விறகு வெட்டியதாக வழக்கு. “வெட்டினாயா?” என்று கேள்வி. “வெட்டினேனுங்க, ஆனா அது காத்துல விழுந்து காஞ்சு கெடந்த மரம், தோட்டத்து எல்லைக்கு உள்ளதான் கெடந்துச்சு” என்கிறார் அவர். இது ஒப்புதலா, மறுப்பா? தமிழறிந்த எவரும் இதனை மறுப்பென்றே சொல்வர். உரைபெயர்ப்பின் அவசரத்திலே முதற்சொல் மட்டும் மறுகரை சேர்ந்தால் அது ஒப்புதலாகிவிடுகிறது. சட்டம் கேட்பது ‘நிபந்தனையற்ற’ ஒப்புதலை. ஏழையின் ஒப்புதலில் எப்போதும் ஓர் ‘ஆனால்’ இருக்கிறது. அந்த ‘ஆனால்’ பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏறாத ஒன்றை மேன்முறையீட்டில் எடுத்துச் சொல்லவும் இடமில்லை.

கண்டிக்கு இது புதிய துன்பமன்று. கண்டி மன்னர் கால ஆட்சிமுறை பற்றி ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி எழுதிவைத்த குறிப்புகளிலே ஒரு சுவையான செய்தி உண்டு. அதிகாரிகளிடம் நியாயம் கிடைக்காத குடிமகன், அரண்மனைக்கு அருகிலுள்ள மரமொன்றில் ஏறி நின்று தன் குறையை மன்னனுக்குக் கேட்கும்படி உரக்கக் கூவலாம் என்பது அச்செய்தி. நாம் மன்னராட்சியைப் புகழ வரவில்லை. 1814இல் எஹெலப்பொலையின் மனைவி மக்களை அதே நகரிலே கொன்று தீர்த்ததும் அந்த ஆட்சிதான். ஆனாலும் தாழ்ந்தவனின் குரல் மேலே போய்ச் சேர ஒரு மரமாவது வேண்டும் என்ற அறிவு அந்தப் பழங்காலத்துக்கு இருந்திருக்கிறது.

1815 மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி ஒப்பந்தம் உடலை வதைக்கும் தண்டனைகள் எல்லாவற்றையும் ஒழிப்பதாகப் பிரகடனம் செய்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு என்று சுமை ஏற, 1848இல் மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்காரர் முடிசூட்டிய கொங்காலேகொட பண்டா பிடிபட்டு, நவம்பரில் கண்டியிலே உயர் நீதிமன்ற அமர்வின் முன் இராஜத்துரோகக் குற்றத்துக்கு நிறுத்தப்பட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு எஞ்சியிருந்த ஒரே வழி ஆளுநரின் கருணை. டொரிங்டன் பிரபு கருணை காட்டினார்: தூக்குக்குப் பதிலாக 100 கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலும்! உடல்வதையை ஒழித்த ஒப்பந்தத்தின் தலைநகரிலே, கருணை என்ற பெயரில் வழங்கப்பட்டது கசையடி. வரிகளின் நியாயாநியாயம் அந்த விசாரணையில் பேசப்படவே இல்லை. ஒப்புதல் வந்ததும் விசாரணை முடிந்துவிட்டதல்லவா?

பிறகு எமது பாட்டன் பூட்டன்மாரின் முறை வந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைக் கிரிமினல் குற்றவாளி ஆக்கியது. சம்பளம் பறிபோகும், மூன்று மாதம் வரை சிறை. ‘தோட்டத்தை விட்டுப் போனாயா?’ என்ற கேள்விக்குப் ‘போனேன்’ என்பதைத் தவிர வேறு என்ன விடை இருக்க முடியும்? ‘போனேன், ஆனால் மாதக்கணக்காகச் சம்பளம் தரவில்லை’ என்பதிலேதான் நியாயம் இருந்தது. அந்த வாக்கியத்தின் பின்பாதியைக் கேட்கும் பொறுமை, துரைமாருடன் ஒரே கிளப்பில் பழகிய நீதவான்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்திலே ஒழிந்தன. அவை விட்டுச் சென்ற பழக்கம் ஒழியவில்லை. கோடு என்றால் போய் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு வரும் இடம் என்ற எண்ணம் லயங்களிலே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது.

தண்டத்தோடு முடியும் சிறு வழக்குகளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று யாரும் கேட்கலாம். பெரிய வழக்குகளைப் பார்ப்போம். 1979இலே தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றில் சாட்சியமாக ஏற்கப்பட்டது. சாதாரணச் சட்டத்தின்படி பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலுக்கு மதிப்பில்லை. இச்சட்டம் அந்தக் காப்பைக் கழற்றி எறிந்தது. சிங்களத்தில் தட்டெழுத்துச் செய்யப்பட்ட வாக்குமூலத்தின் கீழே, தமிழ் மட்டுமே தெரிந்தவரின் விரலடையாளம் இருந்த சிங்கராசா வழக்கை உலகம் அறியும். 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டது. 2006இல் எமது உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஏற்க மறுத்தது. அவர் வழக்கை எதிர்த்துப் போராடியவர். போராடியவருக்கே இக்கதியென்றால் மற்றவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? ஆண்டுக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்த தமிழ் இளைஞர்கள் பலர், அவர்களிலே மலையகத்தவரும் இருந்தனர், வழக்கு முடிவதைக் காண்பதற்கு முன் வாழ்க்கை முடிந்துவிடும் என்று கண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனையையோ புனர்வாழ்வையோ பெற்று வெளியே வந்தார்கள். அவர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. யார் குற்றமுடையவர், யார் அற்றவர் என்று தெரிந்துகொள்ளும் வழியையே பேரம் அடைத்துவிட்டது என்கிறோம்.

சிறு வழக்கின் வடுவும் சிறிதன்று. தண்டத்தைக் கட்டிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய பையன், சில ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு வேலைக்கென்று பொலிஸ் நற்சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தான் குற்றவாளி என்பதை முதன்முதலாக அறிகிறான். அவனைப் பொறுத்தவரை அன்று அவன் செய்தது வழக்கை ‘முடித்தது’. பதிவேட்டைப் பொறுத்தவரை அது குற்றத்தீர்ப்பு. தண்டத்தைக் கட்ட இயலாதவர்களோ நேரே சிறைக்குப் போகிறார்கள். எமது சிறைகளில் அடைபடுவோரிலே தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போனவர்கள் எத்தனை பெருந்தொகையினர் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிவரங்களைப் புரட்டுகிறவர்கள் காணலாம்.

இப்போது எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருவோம். நீதிமன்றங்களில் வழக்குகள் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. ஒப்புக்கொண்டவர்களுக்கும் மேன்முறையீட்டு உரிமை கொடுத்தால் ஒப்புதலுக்கே பொருளில்லாது போகும். சலுகையையும் அனுபவித்து முறையீடும் செய்வது நேர்மையா? இதுதான் வாதம். இதன் முதற்பகுதியை நாம் மறுக்கவில்லை. வழக்குகள் குவிந்துதான் கிடக்கின்றன. ஆனால் அந்தக் குவியலைக் கட்டியவர்கள் யார்? நீதவான்களின் தொகையையும் உரைபெயர்ப்பாளர்களின் தொகையையும் தேவைக்கேற்பக் கூட்டாத அரசு, அந்தக் குறைக்கான விலையைக் கூண்டில் நிற்பவனிடம் அறவிடுகிறது. கடைக்காரன் தராசைத் திருத்தாமல் வாடிக்கைக்காரனைக் குறைத்து உண்ணச் சொல்வது போன்ற நியாயம் இது.

சலுகை பற்றிய வாதம் சற்றுக் கவனத்துக்குரியது. உண்மையிலே குற்றம் செய்தவன் மனம் வருந்தி ஒப்புக்கொண்டால் அவனுக்குத் தண்டனையைக் குறைப்பது மனிதத்தன்மை. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒப்பந்தம் என்றால் இருதரப்பும் ஓரளவேனும் சமநிலையில் இருக்க வேண்டாமா? ஒருபுறம் பொலிஸும் சிறையும் சட்டமும். மறுபுறம் மறுநாட் காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டிய ஒருவர். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஜோன் லாங்பைன் 1978இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்தப் பேரத்தை மத்தியகால ஐரோப்பாவின் சித்திரவதையோடு ஒப்பிட்டார். அக்காலத்தில் குற்றத்தை நிரூபிக்கும் விதிகள் மிகக் கடுமையாக இருந்தமையால், நீதிபதிகள் வதைத்து ஒப்புதல் பெறும் வழியை நாடினர். இக்காலத்தில் விசாரணை நீண்டு சிக்கலாகிவிட்டமையால், கடுந்தண்டனையைக் காட்டி மிரட்டி ஒப்புதல் பெறுகின்றனர் என்பது அவர் காட்டிய ஒற்றுமை. கையை முறிப்பதும் கூடுதல் ஆண்டுகளைக் காட்டுவதும் ஒன்றல்ல என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அளவிலேதான் என்றார்.

அந்த அமெரிக்காவிலே கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டிக்கப்படுவோரில் 100க்கு 90 பேருக்கு மேல் ஒப்புதலினாலேயே தண்டிக்கப்படுகின்றனர். மேன்முறையீடு செய்யமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதும் அங்கே வழக்கமாகிவிட்டது. முதலாளித்துவத்தின் தாயகத்தில் நியாயத்துக்கும் மொத்த வியாபாரம்! ஆயினும் அங்கேகூட 2018இல் உயர் நீதிமன்றம், ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதனாலேயே, தம்மைத் தண்டித்த சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று மேன்முறையீடு செய்யும் உரிமையை இழந்துவிடமாட்டார் என்று தீர்ப்பளித்தது. இந்தியா 2006இல் ஒப்புதல் பேரத்தைச் சட்டத்திலே சேர்த்தபோது, ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களையும் பெண்களுக்கும் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களையும் விலக்கியது. எதிரி மனமொத்துத்தான் வந்தாரா என்று நீதிபதி அவரைத் தனியே வைத்துக் கேட்கவேண்டும் என்றது. அப்படியும் மேன்முறையீட்டை மூடியது. அரசியலமைப்பு வழியிலான மனுக்களை மட்டும் விட்டுவைத்தது. நாம் இந்திய ஏற்பாட்டைப் போற்றவில்லை. அங்கே பேரம் பேரமென்றே பெயர் சொல்லி, எழுத்திலே நடக்கிறது. கண்டியிலே அது வராந்தாவில் நடக்கிறது. பதிவேட்டில் மனச்சாட்சியின் குரலாக ஏறுகிறது.

பேரத்தை எழுத்தில் செய்ய எமது சட்டமன்றத்துக்குத் தெரியாது என்று எண்ணவேண்டாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், வழக்குத் தொடர்வதைப் பிற்போடும் ஒப்பந்தம் என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. இலஞ்ச ஆணைக்குழுவும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் நிபந்தனைகளை எழுதிக்கொண்டு உடன்படலாம். கோடிகளில் விளையாடியவருக்கு மேசையும் காகிதமும் தக்க சட்டத்தரணியும். விறகு வெட்டியவருக்கு ஒரு சொல்.

இவ்வளவுக்கும் மேலே எமது சட்டப் புத்தகத்திலேயே ஒரு முரண்பாடு கிடக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதனை நடைமுறைப்படுத்துவதாகச் சொல்லி 2007இல் 56ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மொழி விளங்காவிடில் உரைபெயர்ப்பாளரின் உதவி. வசதியற்றவருக்குச் சட்ட உதவி. குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. குற்றத்தீர்ப்புப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அத்தீர்ப்பையும் தண்டனையையும் எதிர்த்து மேல் நீதிமன்றுக்கு முறையிடும் உரிமை. ஒவ்வொருவருக்கும் என்றுதான் இருக்கிறது. ஒப்புக்கொண்டவர் நீங்கலாக என்று இல்லை. 1979இன் சட்டக்கோவை ஒரு பக்கம் இழுக்கிறது. 2007இன் சட்டம் மறுபக்கம் இழுக்கிறது. இந்த முரண்பாட்டை நீதிமன்றில் எடுத்துச்சென்று வாதிட முன்வரும் முற்போக்குச் சட்டத்தரணிகள் கண்டியிலே இல்லாமலில்லை. அவர்களைத் தேடிப்போவதற்கு எமது அமைப்புகளுக்கு மனம் வரவேண்டும்.

அமைப்புகள் என்றதும் எமது பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வேலைநிறுத்தத்தின்போது துரையை வழிமறித்தார்கள் என்று வழக்கு வந்தால், “ஒத்துக்கொள்ளுங்கள், தண்டத்தைச் சங்கம் கட்டும்” என்று தொழிலாளரைத் தேற்றிய தலைவர்கள் எத்தனை பேர்! அந்த நேரத்தில் அது உதவி போலவே தோன்றும். சந்தாப் பணத்திலே தண்டத்தைக் கட்டுவதால், செய்யாத குற்றத்தைத் தொழிலாளி செய்ததாக நாமே சான்று கொடுத்தவர்களாகிறோம். அடுத்த போராட்டத்தில் அதே மனிதர் ‘முன்குற்றமுள்ளவர்’ ஆகிவிடுகிறார். வழக்கை நடத்துவதற்குத் தண்டம் கட்டுவதைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. சங்கம் வேறு எதற்காக இருக்கிறது?

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. தன் மொழியில் குற்றச்சாட்டு விளக்கப்பட்டு, சட்டத்தரணி ஒருவருடன் பேச வாய்ப்புக் கிடைத்த பின்னரே எவருடைய ஒப்புதலும் பதியப்பட வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருந்து வருகிறது. நீதவான் நீதிமன்ற வாசலிலே அதன் ஆள் ஒருவர் காலையில் நிற்பது நடக்கமுடியாத காரியமல்ல. மேல் நீதிமன்றிலே ஒப்புதலின் விளைவை எதிரி சரிவர விளங்கிக்கொண்டார் என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும் என்பது 197ஆம் பிரிவில் உள்ள காப்பு. அதையே நீதவான் நீதிமன்றுக்கும் கொண்டுவரவேண்டும். தமிழில் சொன்னது தமிழிலேயே பதியப்பட வேண்டும். மொழிபெயர்ப்பு அதன் பக்கத்தில் இருக்கட்டும். இவற்றிலே எதுவொன்று தவறினாலும், அது சட்டப் பிரச்சினையா உண்மைப் பிரச்சினையா என்ற தர்க்கத்துக்கு இடமின்றி, மேன்முறையீடு உரிமையாக இருக்கவேண்டும். ஒப்புதல் பேரத்தைச் சட்டமாக்க வேண்டும் என்ற யோசனை இந்நாட்டில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அப்படி ஒரு சட்டம் எந்த உருவில் வந்தாலும், அதனுள் மேன்முறையீட்டை மூடும் பிரிவு இருக்கிறதா என்பதையே எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் முதலிற் பார்க்கவேண்டும்.

எமது வாசகர்களில் பலர் ஆசிரியர்கள்; தோட்டப் பாடசாலைகளில் கற்பிப்பவர்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் எழுதித் தரும்படி மாலையிலே பெற்றோர் தேடிவருவது உங்கள் வீட்டுக்குத்தான். நீதிமன்றிலிருந்து வந்த துண்டு ஒன்றையும் அவர்கள் கொண்டுவரக்கூடும். அதிலே முதலிற் பார்க்கவேண்டியது திகதி. 14 நாட்கள் தாண்டவில்லையென்றால் அன்றிரவே உட்கார்ந்து, அவர் கூண்டிலே சொன்னது என்ன என்று கேட்டு, ஒரு சொல்லும் விடாமல் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாட் காலை முதல் பஸ்ஸிலே அதை எடுத்துக்கொண்டு ஒருவர் கண்டிக்குப் போகட்டும்.